இரண்டு பேரும் ஒத்துச் சொல்லவேண்டும்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம் என்று முதலில் எழுதிவிட்டு மற்றதை மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. உன் சுகம், அண்ணி சுகம், உன் மகள் வாலுவின் சுகம் எல்லாவற்றையும் கேட்டதாக வைத்துக்கொள்.

அப்பாவுக்குப் போன மாதம் முதுகு வலி வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரே சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வலி வயிற்றுக்கும் வந்தபோது நான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம். பெரிய டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அது வெடித்தால் வண்டி பிடிக்கக்கூட நேரம் இருக்காது. நாளைக்கே வெடிக்கலாம். ஐந்து வருஷம் சும்மாவும் இருக்கலாம். ஆபரேஷன் செய்து அந்த இடத்தில் வேறு குழாய் வைக்க முடியும். ஆனால் அப்பாவுக்கு வயது எழுபத்தொன்று, இதயமும் பலவீனம். இவரைப் போன்றவர்களில் ஐந்தில் ஒருவர் மேஜையிலிருந்து எழுந்திருப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். "உங்க அப்பாவா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு, "அதை மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார்.

அப்பா ஒன்றுதான் சொன்னார். அம்மா விஷயத்தில் நடந்த மாதிரி இந்தத் தடவை நடக்கக் கூடாது, நீயும் அண்ணனும் இரண்டு பேரும் ஒத்துச் சொல்லவேண்டும், அப்படிச் சொன்னால் படுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஆகவே நீ சொல். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். சீக்கிரம் எழுது.

உங்கள் மூவரையும் ஆண்டவர் கரத்தில் விட்டு,
தங்கை


ஜனவரி 22

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். எங்களைக் காத்து வருகிறவர் உங்களையும் காப்பார் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

அப்பாவுக்கு எண்ணெய்ப் பண்டம் கொடுக்காதே. மாடிப்படி ஏறவிடாதே. வாலு தாத்தாவுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், பஸ்ஸுக்கு எட்டுச் சக்கரம் போட்டிருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

வேலை வழக்கம்போல. போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கு வந்தால் மட்டும் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். அங்கே குடியிருக்கும் பெரியவர் அதற்குப் பயந்து மூன்றாவது மாடிக்குப் போய் ஒரு மாடி நடந்து இறங்குகிறார். எண்ணெய் போட்டுச் சரிசெய்த பிறகும் அவர் நம்பவில்லை. இப்போதும் நடந்துதான் இறங்குகிறார். என்னோடு ஒன்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கும் சுருட்டையை உனக்குத் தெரியுமே, என் கல்யாணத்தில் நாற்காலி எல்லாம் தூக்கினானே, அவனுக்கு உடம்பு சரியில்லை. லீவில் இருக்கிறான். அவன் இல்லாமல் வேலை கொஞ்சம் கனம்தான்.

ஆபரேஷன் விஷயத்தை ஜெபத்தில் வைத்திருக்கிறேன். ஆண்டவர் காட்டுவார். அவசரப்படாதே.

எப்போதும் உங்களை நினைக்கும்,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலுவின் பஸ் படம் அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் இருக்கிறது. எட்டுச் சக்கரம் இருந்தால் பஞ்சருக்குப் பயமில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தால் எனக்கு அவர் வயிற்றைப் பார்க்கத்தான் தோன்றுகிறது. சட்டை போடாமல் படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேலே ஓரிடம் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அண்ணா, நான் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அவர் உள்ளே இருக்கும் வரைக்கும் வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தம் நின்றால், "அப்பா, சோப்பு இருக்கா?" என்று கேட்கிறேன். ஒரு வாரத்தில் நான்கு தடவை சோப்பைக் கேட்டதால் அவருக்குப் புரிந்துவிட்டது. நேற்று உள்ளே இருந்து, "சோப்பும் இருக்கு, நானும் இருக்கேன்" என்று பதில் வந்தது.

கடையில் வேலை ஓடவில்லை. கண்ணாடிக்குக் கண் சோதிக்கும்போது இந்தச் சில்லு தெளிவா, அந்தச் சில்லு தெளிவா என்று கேட்பது என் வேலை. ஒரு அம்மாள் நேற்று அரை மணி நேரம் இதுவா அதுவா என்று திண்டாடினார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

ஆண்டவர் காட்டுவார் என்று எழுதியிருந்தாய். காட்டிவிட்டாரா? டாக்டர் இந்த மாதம் இருபதுக்குள் சொல்லச் சொன்னார். வேண்டும் அல்லது வேண்டாம், ஒரு வார்த்தை போதும். தந்தி கொடுத்தாலும் சரி.

உங்கள் வீட்டில் சமாதானம் இருக்க வேண்டிக்கொண்டு,
தங்கை


பிப்ரவரி 25

என் அன்புத் தங்கைக்கு,

நலமே. உங்கள் நலம் கேட்டு.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இப்போது என்னை ஸ்டோர் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நட்டு, போல்ட்டு, எண்ணெய் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. நிம்மதியாக இருக்கிறது. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பா விஷயத்தில் எனக்கு இன்னும் வெளிச்சம் கிடைக்கவில்லை. கிடைத்ததும் எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுகிறேன். நீங்களும் வாலுவும் சுகமா? உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதி வருஷங்கள் ஆகிவிட்டன, அதற்கு முதலில் மன்னிப்பு.

அண்ணனுக்கு என்ன ஆயிற்று? எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் கேள்விக்கு அவர் பதிலே எழுதுவதில்லை. மேலே ஏறி நின்று வேலை பார்ப்பதுதான் வேலை, உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை என்று சொல்கிற மனிதன் ஸ்டோர் அறையைக் கேட்டு வாங்கினார் என்றால் நான் எப்படி நம்புவேன்? அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன் என்று மூன்று வருஷத்துக்கு முன் என்மேல் கோபப்பட்டாரே, இன்னும் அதுதான் மனதில் இருக்கிறதா? அப்படி இருந்தால் அதையாவது சொல்லட்டும். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

இங்கே நாளுக்கு நாள் அப்பாவின் முதுகு வலி கூடுகிறது.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்கும்,
தங்கை


மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவருக்குள் வாழ்த்து. வாலு சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகும்.

சுருட்டை அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று உன் அண்ணன் எழுதியிருப்பார். உடம்பு சரியில்லாமல் இல்லை, தங்கச்சி. நவம்பரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று சோதித்துக்கொண்டிருந்தபோது பெட்டி மேலே நகர்ந்துவிட்டது. வலது கால் உத்தரத்தில் மாட்டி முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றைக்கு அந்தக் கடைக்குப் போகவேண்டிய முறை உன் அண்ணனுடையது. ஏன் மாற்றிக்கொண்டார்கள் என்று அவர் சொல்வதில்லை, நான் கேட்பதும் இல்லை. இதுவரை சுருட்டை அண்ணனை அவர் போய்ப் பார்க்கவில்லை.

டிசம்பரிலிருந்து சட்டை துவைக்கும்போது பையில் நனைந்த காகித உருண்டைகள் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்றில் 'போ', இன்னொன்றில் 'போகாதே'. ஒன்றில் 'ஆம்', இன்னொன்றில் 'வேண்டாம்'. எந்தத் தெரு வழியாக வேலைக்குப் போவது என்பதற்குக்கூடச் சீட்டு. ஜெபித்துவிட்டு எடுக்கிறார். நானும் ஜெபிக்கிறவள்தான், எனக்கே பார்க்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். பக்கத்தில் இருந்தவர் இவர்தான், இவரை அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு பையிலிருந்து ஒரு காகித உருண்டையை எடுத்துப் பிரித்திருக்கிறார். 'போகாதே' என்று வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அப்படியே நின்றுவிட்டார். வேறு ஆள் போய்த் திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை அழுது அழுது நீலம் பாரித்திருந்ததாம். பிழைத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், வேலையை விட்டு எடுக்காமல் ஸ்டோரில் போட்டார்.

உன் கேள்விக்கும் சீட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் சொன்னதாக எழுதினாலும் பரவாயில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.
அண்ணி


மார்ச் 15

அண்ணாவுக்கு,

அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். அவர்களிடம் கோபப்படாதே.

சுருட்டையை நினைத்து அழுதேன். உன்னை நினைத்தும் அழுதேன். அழுது முடித்த பிறகு கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆண்டவரிடம் கேட்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இனி எது நடந்தாலும் நான் சொல்லவில்லை, அவர் சொன்னார் என்று காட்டக் கையில் ஒரு காகிதம் வேண்டும் உனக்கு. பழியை அவர் தலையில் வைத்துவிட்டு நீ தூங்கப் பார்க்கிறாய். அவர் நமக்குப் புத்தி கொடுத்தது எதற்கு? காலையில் எழுந்து எந்தச் சட்டை போடுவது என்று நாம் யோசிக்கும் நேரத்தில்கூட அவர் நம் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவாரா? நாம் தப்பான தெருவில் திரும்பினால் அவருக்கு வழி தெரியாமல் போய்விடுமா?

நேற்று அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. நான் சோற்றுக் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம். பிறகு வலி விட்டது. "ஒண்ணுமில்ல, வாயு" என்றார்.

நீ எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. சும்மா இருக்காதே.

தங்கை


மார்ச் 28

தங்கைக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு கட்டடங்களில் மாதச் சோதனை. ஜவுளிக்கடை என் முறை, அலுவலகக் கட்டடம் சுருட்டையின் முறை. அலுவலகம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். வாலுவின் பள்ளியில் அன்று பாட்டுப் போட்டி, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்து, "ஆபீஸை நான் பாத்துக்கறேன், நீ கடைக்குப் போ" என்றேன். யோசித்துச் சொன்னதுகூட இல்லை. சட்டைப் பட்டனைப் போட்டபடி சொன்ன வார்த்தை. வாலு மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அங்கே அது நடந்திருக்கிறது.

அந்த வார்த்தையை ஆண்டவர் ஏன் என் வாயில் வரவிட்டார்? அவருக்கு முன்கூட்டியே தெரியும்தானே? அவர் தடுக்கவில்லை என்றால், இனி அவரைக் கேட்காமல் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அது பக்தி என்றுதான் நினைத்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

அப்பாவுக்குச் சீட்டுப் போட்டது உண்மை. முதலில் 'வேண்டாம்' வந்தது. ஒரு தடவை எடுத்தால் போதாது, மூன்று தடவை எடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு ஏழு. நான்கு 'வேண்டும்', மூன்று 'வேண்டாம்'. ஒரே ஒரு சீட்டு வித்தியாசத்தில் அப்பாவை மேஜையில் படுக்கவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகும் எடுத்தேன். எத்தனை என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒத்துச் சொல்லவேண்டும் என்று அப்பா கேட்கிறார், அதைக்கூடச் செய்ய முடியாத மகன் நான். நான் 'வேண்டும்' என்று எழுதி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதோடு என்னால் உயிரோடு இருக்க முடியாது. 'வேண்டாம்' என்று எழுதி அது வெடித்தாலும் அப்படித்தான்.

என்னை விட்டுவிடு.

அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முதலாளி என்ன என்று கேட்டார், கண்ணில் தூசி என்றேன். கண்ணாடிக் கடையில் யாரும் நம்பாத பொய் அது.

நான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜனவரியிலேயே சொல்லியிருக்கவேண்டியது. இரண்டு பேரும் ஒத்துச் சொல்லவேண்டும் என்று அப்பா சொல்லவே இல்லை. அன்றைக்கு டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. நீ பாத்துச் சொல்லு." அவ்வளவுதான். மற்றதை நான் சேர்த்து எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். அம்மா போன பிறகு, 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்று நீ வாசலில் நின்று சொன்னாய். அது என் காதை விட்டுப் போகவே இல்லை. அப்பாவின் உயிரையும் தனியாகக் கையில் வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீ 'வேண்டும்' என்றால் நான் படுக்கவைத்திருப்பேன், ஏதாவது ஆனால் அண்ணனும்தான் சொன்னான் என்று இருந்திருப்பேன். டாக்டர் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதிக்கு ஒரு கட்டில் ஒதுக்கிக் கொடுத்தார். உன் கடிதம் வரவில்லை என்ற சாக்கில் நான் அதை விட்டுவிட்டேன். உனக்கு அதையும் எழுதவில்லை. உனக்கு எவ்வளவு உபதேசம் எழுதினேன், பார். நீ காகிதத்தைச் சீட்டாக வைத்துக்கொண்டாய். நான் உன்னையே சீட்டாக வைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் ஜெபித்தேன். எது சரி என்று காட்டும் என்று கேட்கவில்லை. அதை மூன்று மாதமாகக் கேட்டாகிவிட்டது. எது நடந்தாலும் எங்களை விட்டு விலகாதிரும் என்று மட்டும் கேட்டேன். பிறகு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை எல்லாம் மறுபடி எழுதிப் பார்த்தேன். வலி கூடுகிறது, வீக்கம் கூடியிருக்கிறது, காத்திருப்பதுதான் அதிக ஆபத்து என்று தோன்றியது. வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நேற்றுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் ஏப்ரல் பதினாறு, காலையில்.

இது உன் சம்மதம் கேட்கும் கடிதம் இல்லை. நீ வந்தால் அப்பா சந்தோஷப்படுவார், நானும்.

ஆண்டவருடைய கரத்தில் உன்னையும் வைத்து,
தங்கை


மே 10

என் அன்புத் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய்? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் தந்தி கிடைத்த அன்றே ரயில் ஏறியும், நான் வந்து சேர்ந்தபோது அப்பாவின் கல்லறையில் மண் மூடியாகிவிட்டது. வாசலில் என்னைப் பார்த்ததும், "நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போய்விட்டாய். நான் இருந்த மூன்று நாளும் எல்லோரிடமும் பேசினாய், என்னிடம் பேசவில்லை. நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். ரயிலில் திரும்பி வரும்போதுதான் வேறு மாதிரி தோன்றியது. நான் வாயைத் திறந்தால் மூன்று வருஷத்துக்கு முன் சொன்னதை மறுபடி சொல்வேன் என்று நீ பயந்திருக்கிறாய்.

அம்மா விஷயத்தில் நான் சொன்னது அநியாயம். நான் தூரத்தில் இருந்தேன், நீ பக்கத்தில் இருந்தாய். பக்கத்தில் இருக்கிறவர்தான் முடிவு எடுத்தாகவேண்டும், தூரத்தில் இருக்கிறவனுக்குக் குறை சொல்வது சுலபம். அதை மூன்று வருஷம் உன்னைச் சுமக்கவைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பதினாறாம் தேதி ஆபரேஷன் என்று நீ எழுதிய கடிதம் எனக்குப் பத்தாம் தேதியே கிடைத்தது. அன்றைக்கே கிளம்பியிருந்தால் அப்பாவைப் பார்த்திருக்கலாம். சீட்டுப் போட்டேன். 'போகாதே' என்று வந்தது. போகவில்லை. அப்பா போனது ஆபரேஷனில். அதற்கு நீ எந்த விதத்திலும் காரணம் இல்லை. ஆனால் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனதற்குக் காரணம் நான் எழுதி நானே மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதை ஆண்டவர் எழுதினார் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் சீட்டு எடுக்கவில்லை. எடுக்காமல் எப்படி வாழ்வது என்றும் தெரியவில்லை. இரண்டு வரியாவது எழுது.

அண்ணன்


ஜூன் 14

என் அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதமாக உன் எழுத்து இல்லை. நான் உன்னை எப்படிக் காக்கவைத்தேன் என்பது இப்போது தெரிகிறது. அண்ணியும் வாலுவும் நலம். உன் நலத்தை உன் கைப்பட எழுதினால்தான் நம்புவேன்.

போன சனிக்கிழமை சுருட்டையின் வீட்டுக்குப் போனேன். ஏழு மாதம் கழித்து. வாசலில் அவன் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தில் பழுதான மோட்டார் எல்லாம் இப்போது அவனிடம்தான் வருகிறது. கால் இருந்த இடத்தில் வேட்டி மடிந்து கிடந்தது. நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தை ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நான் மாற்றிச் சொன்னதால்தானே என்று ஆரம்பித்தேன். அவன் கம்பி சுற்றுவதை நிறுத்தவே இல்லை.

"நீ சொன்னே. நான் கேட்டேன். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா? அந்தக் கடையில சாப்பாடு போடுவாங்க, அதுக்குத்தான் சந்தோஷமா போனேன்" என்றான்.

நான் போயிருந்தால் என் கால்தான் போயிருக்கும் என்றேன்.

"யாரு சொன்னா? நீ பயந்தாங்கொள்ளி, ரெண்டு தடவை சுவிட்ச்சைப் பாத்துட்டுத்தான் ஏறுவே. இல்லேன்னா உனக்கு உயிரேகூடப் போயிருக்கும். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ என்ன கடவுளா?" என்றான். கம்பியைப் பல்லால் கடித்து முறித்துவிட்டுச் சொன்னான்: "என் கால் விஷயமா நானும் ஆண்டவரும் பேசிக்கிட்டிருக்கோம். சில நாள் சண்டை, சில நாள் சமாதானம். நடுவுல நீ எதுக்கு வர்றே? நீ வரவேண்டியது என் வீட்டுக்கு. அதுக்குத்தான் ஏழு மாசம் ஆச்சு உனக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் மனைவி பயந்துபோய்க் காபி கொண்டுவந்தாள்.

தங்கச்சி, எல்லாம் என் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பணிவு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அது பணிவே இல்லை. ஆண்டவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டு, கனம் தாங்கவில்லையே என்று அழுதிருக்கிறேன். உன் கையெழுத்தும் அப்படித்தான். அப்பாவின் நாளை அது குறிக்கவில்லை. அந்தப் பேனாவுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் போய் மறுபடி வெளி வேலை கேட்டேன். நேற்று ஒரு லிஃப்ட் பெட்டியின் மேலே ஏறினேன். சுவிட்ச்சை இரண்டு தடவை பார்த்தேன். பயந்துகொண்டே வேலையை முடித்தேன்.

உன் எழுத்தை எதிர்பார்க்கும்,
அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். இவ்வளவையும் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது.

மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று நீ எழுதியிருந்த இடத்தில் மை கலங்கியிருந்தது. உன் கண்ணீரா என்னுடையதா என்று தெரியவில்லை. மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இல்லை, அண்ணா. என்னை நானே என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. கையெழுத்துப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. பிப்ரவரியிலேயே போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ, போடாமலே இருந்திருந்தால் இன்றும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாரோ என்று இரண்டு பக்கமும் இழுத்தது.

போன வாரம் பெரிய டாக்டர் ஆள் அனுப்பினார். போனேன். திறந்து பார்த்தபோது குழாய் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு மனம் ஆறும் என்றார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள், "வேணாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியம். அது எப்படியும் வெடித்திருக்கும் என்று அவர் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு என்னை நானே விடுதலை செய்துகொள்வேன். இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும் என்றால் என்னை நானே தண்டித்துக்கொள்வேன். இரண்டும் என் வேலை இல்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே நல்ல வெயில். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வீடு வரை நடந்தேன்.

உனக்கு ஒன்று தரவேண்டியிருக்கிறது. நீ வந்திருந்தபோது தராமல் வைத்துக்கொண்டேன். அப்பாவை உள்ளே கொண்டுபோவதற்கு முன், தள்ளுவண்டியில் படுத்தபடி என் கையைப் பிடித்தார்.

"யாரு முடிவு பண்ணது?"

"நான்தாம்ப்பா. அண்ணன் இல்ல."

"தெரியும். அவன் மேல எனக்குக் கோபம் இல்லன்னு அவன்கிட்ட சொல்லு." பிறகு, "பயமா இருக்கா உனக்கு?" என்றார்.

"இருக்குப்பா."

"எனக்கும் தினம் இருந்துச்சு. பின்னால அறுபது பேரு உக்காந்திருப்பாங்க. ரோட்டுல என்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்? ஜெபம் பண்ணிட்டு வண்டியை எடுப்பேன். எடுக்காம இருந்தா அவங்க வீட்டுக்கு எப்படிப் போவாங்க?" பிறகு, "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல, போய்ச் சாப்பிடு" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசி வார்த்தை. உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை, அண்ணா. இதை அன்றே சொல்லாமல் இரண்டு மாதம் உன்னைத் தவிக்கவிட்டேன். இதற்கு நீ என்னை மன்னிக்கவேண்டும்.

இனி ஒரு செய்தி. முதலாளி மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில் இன்னொரு கடை திறக்கிறார். முழுப் பொறுப்பையும் நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஒரு வாரம் யோசித்துச் சொல்லச் சொன்னார். மூன்று நாள் யோசித்தேன், ஜெபித்தேன், போய் இடத்தைப் பார்த்தேன், சரி என்று சொல்லிவிட்டேன். கடைக்கு மேலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஜன்னல் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. மழை வந்தால் மாடிப்படி வழுக்கும் என்று வீட்டுக்காரம்மாளே சொல்கிறார். தெரு முனையில் ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது, அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. இது நல்ல முடிவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். பயம் இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி போகிறேன்.

வாலுவுக்குப் பள்ளி விடுமுறை வரும்போது மூன்று பேரும் என்னிடம் வாருங்கள். வரலாமா, எப்போது வரட்டும் என்று கேட்டு எழுதவேண்டாம். வந்து கதவைத் தட்டுங்கள்.

உன் அன்புத் தங்கை